மூத்தவளுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கப் பத்திரகாளி அம்மனை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். அதுதான் எழுதி, கொழும்புக்கு வருகிற தங்கச்சியிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாயே, கை வீக்கம் வற்றிவிட்டதா? மாசியிலும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னாய்.

இந்தக் கிழமை மாதர் சங்கக் கூட்டம். கிளிவெட்டி முகாமில் என்ன செய்தீர்கள் என்று புதுப் பிள்ளைகள் கேட்டார்கள். சொல்லச் சொல்ல உன் நினைப்புத்தான். 2006 சித்திரையில் ஷெல்லடிக்குச் சம்பூரை விட்டு ஓடி, வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து அங்கே வந்து சேர்ந்தோமே. தகரக் கொட்டில்கள். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அடி விழுந்தாலும் கேட்கும். முதலில் எல்லாரும் குடும்ப விசயம் என்று கேட்காத மாதிரி இருந்தார்கள். கடலும் இல்லை, வயலும் இல்லை, மனுசன் பாவம் என்றார்கள். பாவம்தான். அதற்காக அடிக்கலாமா?

பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தா. சத்தம் கேட்டால் பேணியைத் தூக்கிக்கொண்டு போய், "பிள்ளை, கொஞ்சம் சீனி தா" என்று வாசலில் நிற்பா. அவவுக்குப் பிறகு தேயிலை கேட்டு நான் போவேன். எனக்குப் பிறகு உப்புக்கு இன்னொருத்தி. எத்தனை பேருக்கு முன்னால் ஒருவன் கை ஓங்குவான்? இரவில் கக்கூசுக்குக் கூட்டமாகப் போனதும், கதவுக்குக் கொளுக்கியும் வெளியே லைட்டும் வேண்டும் என்று அதிகாரிகளை மறித்ததும் இதே பெண்கள்தான். அந்த மனுவை எழுதினது உன் கை. வாசித்த ஐயா, எழுதினது யார் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை! அப்படி எழுதின பிள்ளை இப்போது அம்மாவிடம் ஒரு வசனம் முழுதாகப் பேசுவதில்லை.

பெரியம்மாவின் தகரப் பெட்டி ஞாபகமா? அடையாள அட்டைப் பிரதி, கலியாண எழுத்து, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி என்று எத்தனையோ பெண்களின் பத்திரங்கள் அதற்குள் இருந்தன. புருசன் கிழித்தெறிந்தாலும், இரவோடு இரவாக வெளியேற வேண்டி வந்தாலும் அவளுக்குப் பத்திரம் இருக்கும். உன்னுடையதையும் போட்டோக் கொப்பி எடுத்துத் தங்கச்சியிடம் கொடு. சின்னவனுடையதையும் சேர்த்து. ஒரு கொப்பி இங்கே இருந்தால் நல்லதுதானே.

கூட்டத்தில் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. நீதவான் நீதிமன்றத்தில் கேட்டால் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம், விசாரித்த பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. நமக்காகப் பொலிசும் கேட்கலாம். ஆளைச் சிறையில் போடுவதற்கல்ல, அடிக்காதே, கிட்ட வராதே என்று தடுப்பதற்கு. நிறையப் பேர் இது தெரியாமல்தான் பயப்படுகிறார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இதைப் போனில் பதிந்து வைக்காதே, மனதில் வைத்துக்கொள்.

மருமகனை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் பக்கத்து வீட்டாரின் முகமே தெரியாது என்கிறாய். சீனி கேட்டு வர அங்கே யார் இருக்கிறார்கள்? கீழ்வீட்டு அக்காவோடு பழகு. சரி, தம்பியின் வேலை விசயம் பிறகு எழுதுகிறேன், இப்போது மனம் ஓடவில்லை.

கொப்பிகளை மறக்காதே. கை வீக்கத்தை டொக்டரிடம் காட்டு, எப்படி வந்தது என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல். அடுத்த கிழமை இரவு பஸ்ஸில் நான் வருகிறேன். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா