பழத்துக்குப் பட்டு என்று பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மிகுபுனைவு (ஃபேன்டசி) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனில் தொடங்கி இன்றைய தொலைக்காட்சித் தொடர்களோடு முடிந்துவிட்டது. அவருக்கு முன்னால் எழுதியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஜார்ஜ் மெக்டொனால்ட் 1858-லேயே பெரியவர்களுக்கென்று ஒரு மாய உலகக் கதை எழுதிவிட்டார். வில்லியம் மாரிஸ், டன்சனி பிரபு, ஈ. ஆர். எடிசன் என்று வரிசை நீளும். அதிலிருந்து ஒரு புத்தகத்தைப் பற்றியாவது உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹோப் மிர்லீஸ் 1926-இல் எழுதிய ‘லட்-இன்-தி-மிஸ்ட்’ என்ற ஆங்கில நாவல்தான் அது. எனக்கு அது கிடைத்தது திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில். பத்தாம் வகுப்புக் கணக்கு கைடுகளுக்கு அடியில் கிடந்தது. அட்டையில் சின்னதாக ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலை. அந்தச் சின்னத்துக்காகத்தான் கையில் எடுத்தேன். முதுகில் பசை காய்ந்து, நடுப்பக்கங்கள் கையோடு வந்தன. கடைக்காரர் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு 20 ரூபாய்க்குக் கொடுத்தார்.

கதை நடக்கும் லட் ஒரு வியாபாரிகளின் ஊர். சட்டமும் கணக்கும்தான் அங்கே வேதம். எல்லைக்கு அந்தப் பக்கம் மாய தேசம். அங்கே விளையும் பழத்தைத் தின்றவர்கள் புத்தி பேதலித்து, இன்னதென்று சொல்ல முடியாத ஏக்கத்தில் கிடந்து தவிப்பார்கள். பழம் திருட்டுத்தனமாக ஊருக்குள் வருகிறது. ஆனால் அதன் பேரை வாயால் சொல்வதே அங்கே அசிங்கம். அப்புறம் வழக்கு எப்படி நடத்துவது? சட்டப் புத்தகத்தில் அதைப் பட்டுத் துணி என்று எழுதிக்கொள்கிறார்கள். பழம் கடத்தியவன் மேல் பட்டு கடத்தியதாக வழக்கு! பள்ளிக்கூடத்தில் நன்னூலில் படித்தோமே, சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம், பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி என்று. ஒரு ஊரே தன் பயத்தை அப்படி ஒரு சொல்லுக்குள் ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. தமிழ் வாசகருக்கு இந்த இடம் விளக்கமே இல்லாமல் புரியும்.

ஊர் மேயர் நதானியல் சான்டிக்ளியர் நடுவயதுக்காரர், பார்வைக்குச் சாதுவான குடும்பஸ்தர். இளவயதில் பரணில் கிடந்த ஒரு பழைய வாத்தியத்தை மீட்டியபோது எழுந்த ஒற்றை ஸ்வரம் அவரை ஆட்டிவைக்கிறது. தன் வீடு, தோட்டம், தினசரிச் சாப்பாடு எல்லாம் கண் முன்னால் இருக்கும்போதே, அவையெல்லாம் என்றோ பறிபோனவை போல ஏங்குகிறார். அப்படிப்பட்டவரின் மகன் ஒரு நாள் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டான் என்று தெரியவருகிறது. பெரிய யுத்தமோ, உலகத்தைக் காக்கும் வீரனோ இந்தக் கதையில் கிடையாது. பயந்த சுபாவமுள்ள ஒரு தகப்பன் பிள்ளைக்காக எல்லை தாண்டிப் போகிறான். படித்துப் பல வருஷமாகியும் அந்தப் பயணம் என்னை விடவில்லை.

இப்படிப்பட்ட புத்தகம் வந்த சில வருஷங்களில் மறந்துபோயிற்று. டோல்கீனைப் படித்துவிட்டு “அடுத்து என்ன?” என்று கேட்டவர்களுக்காக, அமெரிக்காவில் பாலன்டைன் நிறுவனம் 1969 முதல் 1974 வரை ஒரு வரிசை கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்தவர் லின் கார்ட்டர். என் பிரதியில் இருக்கும் குதிரைத் தலை அந்த வரிசையின் முத்திரைதான். 1970-இல் மிர்லீஸின் நாவலை மறுபடி அச்சிட்டபோது அவரிடம் அனுமதி வாங்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடப் பதிப்பித்தவர்களுக்குத் தெரியாது. அவரோ 1978 வரை இருந்தார். இந்த நாவலுக்குப் பிறகு அவர் வேறு நாவல் எழுதவேயில்லை. நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

இன்னொன்று. பழைய புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது எதை முதலில் கொடுக்கிறோம் என்பது முக்கியம். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு முதலில் எடிசனின் 1922 நாவலைக் கொடுத்தேன். அதன் ஆங்கிலம் பதினேழாம் நூற்றாண்டு நடை. ஐம்பது பக்கம் தாண்டவில்லை. “முடியல பெரியம்மா” என்று திருப்பித் தந்துவிட்டாள். மிர்லீஸை நான்கே நாளில் முடித்தாள். “அந்த மேயர் அப்படியே எங்க அப்பா மாதிரி” என்றாள். அதன் பிறகுதான் டன்சனியின் 1924 நாவலைக் கொடுத்தேன். அதில் ஒரு சூனியக்காரி தன் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்து புதைந்த இடிகளைப் பொறுக்கி வாள் செய்கிறாள். அந்தப் பக்கத்தைப் போனிலேயே எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த நாவல் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தப் பழைய நாவல்களில் மாதம் ஒன்றை யாரையாவது அறிமுகம் செய்யச் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் மட்டும் போதாது. ஒரு பக்கமாவது தமிழில் மொழிபெயர்த்துப் போடுங்கள். பட்டு வழக்கு வரும் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை - 5