பெயர் வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டு அதைத் திரையில் காட்டியது பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: ஆராதனை நேரத்தில் ஒரு சகோதரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் திரையில் வந்தமை

அன்புடையீர்,

ஆராதனை நடக்கும்போதே சபையார் தங்கள் போனில் இருந்து கேள்வி கேட்கவும், வாக்களிக்கவும், ஜெப விண்ணப்பம் அனுப்பவும் உதவும் உங்கள் சேவைக்கு எங்கள் தமிழ்ச் சபை வருடச் சந்தா கட்டியிருக்கிறது. சபைச் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு, மன்றாட்டு ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, சகோதரி ஒருவர் அனுப்பிய விண்ணப்பம் அவருடைய பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் பெரிய திரையில் வந்து நின்றது. தன் குடும்ப விஷயம் ஒன்றுக்காக ஜெபிக்கும்படி கேட்டிருந்தார். அது என்ன விஷயம் என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் சேர்வரில் அது இன்னும் கிடக்கிறது என்பதே எனக்குப் பெரிய கவலை.

கணினியில் இருந்த தம்பி ஓடிப்போய் புரொஜெக்டரை அணைத்தார். ஆனால் அதே திரை யூடியூப் நேரலையிலும் போய்க்கொண்டிருந்தது. டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் பலர் ஞாயிறு தவறாமல் பார்ப்பார்கள். பதிவை அன்றே நீக்கிவிட்டோம். பார்த்தவர்கள் பார்த்ததுதான். அந்தச் சகோதரி அதன் பிறகு ஆராதனைக்கு வரவில்லை. போதகரும் போதகரம்மாவும் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். "நம்பித்தானே அனுப்பினேன்" என்ற ஒன்றைத்தான் அவர் சொன்னாராம்.

எங்களுக்கு இந்தச் சேவை ஏன் தேவைப்பட்டது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பிரசங்கத்தின் நடுவில் எழும்பிக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் சபைகளில் இல்லை. பின்வரிசையில் இருக்கும் பெண்களும் இளம் பிள்ளைகளும் மனதில் உள்ளதை மனதோடு வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பெயர் தெரியாமல் கேட்கலாம் என்றதும் அது மாறியது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் பற்றி ஒருநாள் போதகர் பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கேள்வி வந்தது: காணிப் பிரச்சினையால் தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லை, நான் திருவிருந்து எடுக்கலாமா? போதகர் கையில் இருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரப் பகுதியை எடுத்து அதையே பேசினார். யார் கேட்டது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியும் என்றால் அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

போன் பாவிக்காத வயதானவர்கள் வாக்களிக்க நீங்கள் தந்த சின்ன இலக்கப் பொத்தான் கருவிகளில் ஒரு குறையும் இல்லை. அம்மம்மாமார் ஆசையாக அமத்துகிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, இந்தப் பிழை எப்படி நடந்தது? நாங்கள் சேரும்போது பெயர் காட்டும் தெரிவு மூடியே இருந்தது. திரைக்குப் போகுமுன் எங்கள் ஆள் ஒருவர் பார்த்து அனுமதிக்கும் தெரிவு திறந்திருந்தது. அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம் நீங்கள் மென்பொருளைப் புதுப்பித்தீர்கள். அதன் பிறகு முதல் தெரிவு திறந்தும், மற்றது மூடியும் கிடந்தன. இப்படி மாற்றப்போகிறோம் என்று எங்களுக்கு ஒரு வரி அறிவித்தல்கூட வரவில்லை. முறைப்பாடு செய்தபோது உங்கள் ஆட்கள் "அது உங்கள் செட்டிங்" என்று முடித்துவிட்டார்கள். நாங்கள் தொடாத ஒன்று எப்படி எங்கள் செட்டிங் ஆகும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் ஆட்களின் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வந்தது. ஒருவருடைய மத நம்பிக்கையைக் காட்டும் தரவை அது விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஒரு ஜெப விண்ணப்பம் அந்த வகைக்குள் வராமல் வேறு எதற்குள் வரும்? கடைக்காரர் நடத்தும் பரிசுப் போட்டிக்கும் தேவாலயத்துக்கும் ஒரே அளவு கவனம் போதும் என்று உங்கள் நிறுவனம் நினைத்திருக்கிறது. அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

தமிழ் விஷயத்திலும் ஒன்று இருக்கிறது. சபையார் அனுப்பும் சொற்களை, எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதற்கு ஏற்பத் திரையில் பெரிதும் சிறிதுமாகக் காட்டும் பகுதியில் 15 எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. "எதற்காக நன்றி சொல்கிறீர்கள்" என்று கேட்டோம். ஒரு தாய் "பிள்ளைகளின் படிப்பு" என்று அனுப்பினார். "பிள்ளைகளின் படி" என்று அறுந்து வந்தது. எங்கள் கண்ணுக்கு அது 10 எழுத்து. உங்கள் மென்பொருள் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியோடு 19 ஆக்கிவிடுகிறது. அப்புறம் "பொறுமை" என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. யுனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாகப் பதியலாம், பார்வைக்கு ஒன்றுதான், எண்ணுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று சபையில் மென்பொருள் வேலை செய்யும் பிள்ளை விளக்கினார். சிங்களத்துக்கும் இதே சிக்கல் வருமாம். கொழும்பில் விற்கும் சேவை இதைக் கவனித்திருக்க வேண்டாமா?

ஆகவே நாங்கள் கேட்பது இவை. எந்தத் திகதியில் எந்தத் தெரிவை மாற்றினீர்கள், ஏன் அறிவிக்கவில்லை என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். எங்கள் சபையின் விண்ணப்பங்கள், பெயர்கள், இலக்கங்கள் அனைத்தையும் மேலதிகப் பிரதிகளோடு சேர்த்து அழித்து, அழித்ததை உறுதிப்படுத்த வேண்டும். அவை எந்த நாட்டில் வைக்கப்பட்டிருந்தன என்றும் சொல்லுங்கள். சந்தாவின் மிகுதிக் காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சகோதரிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும், தமிழில். போதகர் ஊடாக அனுப்புங்கள், சகோதரியின் கையில் சேர்ப்போம். அவருடைய இலக்கத்துக்கு நீங்கள் நேரே அழைக்கக் கூடாது.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தரவுப் பாதுகாப்பு அதிகார சபையிடமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் இந்தக் கடிதத்தின் பிரதியோடு முறையிடச் சபைக் குழு தீர்மானித்திருக்கிறது. திரையில் வந்ததை நாங்கள் படமாக வைத்திருக்கவில்லை, வைத்திருக்கவும் மாட்டோம். உங்கள் சேர்வர் பதிவிலேயே நடந்தது தெரியும்.

இப்படிக்கு,
சபைச் செயலாளர்