மரத்தை மரமாகவே விட்ட வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டீர்கள். காலமெல்லாம் மரவாடியில் நின்ற உங்களிடம் மரத்தைப் பற்றி அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கிற இந்த போஸ்மன் ஊரில் அக்டோபரிலேயே பனி கொட்ட ஆரம்பித்துவிடும், ஏப்ரல் வரைக்கும் விடாது, வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய வீட்டு ஹாலோ நாலு பக்கமும் வெள்ளைச் சுவரோடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. அதைத்தான் இந்த மலைப் பக்கத்து லாட்ஜ் பாணியில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். உருண்டை மரம், கல், கம்பளி, நடுவில் ஒரு அடுப்பு, அவ்வளவுதான். கணுவும் வெடிப்பும் அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த ஆசை எனக்கு வந்தது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் என்ற விடுதியைப் பார்த்த பிறகு. ராபர்ட் ரீமர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1904-ல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் 76 அடிக்கு மரக் கூடம், அதில் சுமார் 500 டன் எரிமலைக் கல்லால் கட்டிய கணப்பு. மாடிக் கைப்பிடிகளைத் தாங்குவதெல்லாம் காட்டில் கோணல்மாணலாக வளர்ந்த பைன் கிளைகள்தான், வளைவுக்கு ஏற்ற இடமாகப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்காமல் நகர மாட்டீர்கள். முதலில் பட்டையோடுதான் மரங்களை நிறுத்தினார்களாம், 1940-ல்தான் உரித்தார்கள். 1959 பூகம்பத்தில் புகைபோக்கி சேதப்பட்டாலும் கட்டடம் இன்றும் நிற்கிறது, கோடையில் ஆட்கள் தங்குகிறார்கள்.

சரி, நம் ஹாலுக்கு வருகிறேன். ஒரு சுவர் முழுக்க நீலப் பைன் பலகை அடித்திருக்கிறோம். பைன் வண்டு என்று அரிசி அளவில் ஒரு பூச்சி, பட்டைக்குள் புகும்போது ஒரு பூஞ்சையையும் கொண்டுபோகிறது, அதனால் நடுவிலுள்ள வைரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்தில் மட்டும் நீலம் ஏறிவிடுகிறது. முன்பெல்லாம் கடுங்குளிரில் வண்டின் புழுக்கள் செத்துவிடும். குளிர்காலம் இதமாகிப்போனதால் பெருகி, இந்த மலைகளில் காடு காடாக மரம் பட்டுப்போயிருக்கிறது. ஆனால் இந்த நீலத்தால் மரத்தின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. நம் வாடியில் இப்படி வந்திருந்தால் ஓரமாக ஒதுக்கியிருப்பீர்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள் அப்பா, மஞ்சள் பலகையில் மழைமேகம் இறங்கின மாதிரி சாம்பல் நீலம், நடுவே சிவந்த கணு. வார்னிஷ் போட மனசே வரவில்லை, எண்ணெய் மட்டும் தேய்த்தோம். இங்கே ஹீட்டர் காற்றில் மரம் ரொம்பவே சுருங்கும், அதனால் பலகையைச் சில வாரம் ஹாலிலேயே அடுக்கி வைத்துவிட்டு அப்புறம்தான் ஆணி அடித்தோம். ஈரமரத்தை அவசரப்பட்டு அடிக்காதே என்று நீங்கள் சொல்வது காதிலேயே இருந்தது.

விறகடுப்புக்குப் பின்னால் மரம் வரக்கூடாது. அந்தப் பக்கம் தீப்பிடிக்காத சிமென்ட் பலகை வைத்து, பின்னால் காற்றுக்கு இடம் விட்டு, ஆற்றுக்கல் பதித்தோம். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகைபோக்கிக்குள் கீல் படிந்து தீப்பிடிக்கும். வருஷாவருஷம் சுத்தம் செய்ய ஆள் வருவார், அம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், விளக்கில் இருப்பது மான் கொம்புதான், ஆனால் எந்த மானையும் கொல்லவில்லை. எல்க் மான்கள் குளிர் முடிகிற நேரத்தில் கொம்பைத் தாமாகவே உதிர்த்துவிடும். தேசியப் பூங்காவில் எடுக்கக்கூடாது, மற்ற இடங்களில் பொறுக்கி விற்கிறார்கள். கடைகளில் பிளாஸ்டிக் கொம்பு, கரடி பொம்மை, கரடி போட்ட திரைச்சீலை என்று குவிந்து கிடக்கிறது, அதில் எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மரமும் கல்லும் இருக்கிற அறைக்கு அதெல்லாம் எதற்கு? சோபாவில் பெண்டில்டன் என்ற கம்பெனியின் கம்பளி ஒன்று, வெள்ளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புப் பட்டை போட்டது, நிறத்துக்கு அது போதும்.

இப்போது உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அடுப்புக்கு மேலே, சூடு தாக்காத உயரத்தில் வைக்க ஒரு பழைய உத்திரம் வாங்கியிருக்கிறோம். இடித்த தானியக் கொட்டகையிலிருந்து வந்த டக்ளஸ் ஃபர் மரம், கோடாரி செதுக்கின தடம்கூட அப்படியே இருக்கிறது. ஒரு முனையில் முழ நீளத்துக்கு வெடிப்பு ஓடுகிறது. உங்கள் மாப்பிள்ளை அப்படியே விடலாம் என்கிறார், எனக்கு அடுப்புச் சூட்டில் அது இன்னும் ஓடுமோ என்று பயம். குறுக்கே கட்டை கொடுத்துப் பிணைக்கட்டுமா, சும்மா விடட்டுமா? போட்டோ தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் அதை ஏற்றுவோம்.

அன்புடன்,
உங்கள் மகள்