சத்வா அறைக் கணக்குக் கொப்பி

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து எட்டு மாதம். பதில் போடாதது என் பிழை, மன்னித்துக்கொள். முழங்கால் எப்படி? பேரப்பிள்ளை பிறந்த செய்தி கிடைத்தது, இவள் தனியாக எழுதுவாள். இங்கே எல்லோரும் சுகம்.

கிளாக்கர் அண்ணையின் கொட்டாஞ்சேனை வீட்டை விற்றாச்சு. இடித்துவிட்டு மாடிவீடு எழுப்பப் போகிறார்கள். அவர் பெண்சாதி, எங்கள் அக்கா, மகனோடு லண்டன் போகிறா. போன கிழமை கூப்பிட்டு, "தம்பி, அவற்ற துபாய்ப் பெட்டி ஒண்டு கிடக்குது. எறியிறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாரும்" என்றா.

அதே பச்சைத் தகரப் பெட்டி. துபாயில் எங்கள் சத்வா அறையில் நீ அதன்மேல் ஏறி இருந்து சோறு தின்று மூடியை நெளித்தாயே, அந்த நெளிவு அப்படியே இருக்கிறது. உள்ளே கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த முப்பத்தொரு கசெட், அவருடைய லேபர் காட், அறைச் சாவி, கொம்பனித் தபால் பெட்டி இலக்கம் எழுதிய கடித உறைகள் ஒரு கட்டு, அப்ராப் படகில் நாங்கள் நாலு பேரும் இருக்கிற படம்.

அக்கா ஒரு கசெட்டைப் போட்டா. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அண்ணையின் குரல். வெள்ளிக்கிழமை, மீன் பொரிகிற சத்தம். நடுவில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். அது முடியும்மட்டும் மனுசன் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். அந்த அமைதிக்குள்ளே தூரத்தில் நின்று ஒருவன் "உப்பு எங்கேயடா?" என்று கத்துகிறான். நீதான். இருபத்தாறு வயதுக் குரல்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நாங்கள் 1981இல் துபாயில் போய் இறங்கியபோது ட்ரேட் சென்டர் கட்டடம்தான் மணலுக்குள் தனிய நின்றது. 1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 59,000 சனம் இருந்த ஊர், இன்றைக்கு 36 லட்சத்தையும் தாண்டிவிட்டது. பத்தில் ஒன்பது பேர் எங்களைப் போல வெளியூரார். எங்கள் காலத்தில் வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அல் ஃபாஹிதி கோட்டையை மியூசியமாக்கினார்கள், பஸ்தகியா என்ற பழைய பகுதியில் காற்றுக்கோபுர வீடுகளைத் திருத்திக் காப்பாற்றினார்கள். நல்ல வேலை. ஆனால் ஒரு அறையில் எட்டுப் பேராய்ப் படுத்தவன் என்ன சமைத்தான், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினான், யாரை நினைத்து அழுதான் என்பதெல்லாம் எங்களோடு இங்கே வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் உன் மட்டக்களப்பிலும் கேரளத்திலும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. சத்வாவிலோ 2008இல் வீடுகளையே இடிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்று கேள். பெட்டியின் அடியில் ஒரு உறை. அக்காவின் கல்யாணப் படம், அவவின் ஐயா கடைவாசலில் நிற்கிற படம், பம்பலப்பிட்டி வீட்டு முற்றம். 83 யூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயின என்று நாங்கள் எல்லோரும் நினைத்தவை. அண்ணை 82இல் லீவில் வந்தபோது பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசவில்லை. கொழும்பில் எரிந்ததைச் சத்வாவில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்து திருப்பித் தந்திருக்கிறது மச்சான். அந்த ஊரின் சங்கதியை நாங்கள் கறையானுக்குக் கொடுக்கலாமா?

வேலையைத் தொடங்கிவிட்டேன். பாலைவனத்தில் கெடாத நாடா இங்கத்தைக் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. சிலதில் நாடாவை அழுத்துகிற பஞ்சுத்துண்டு கழன்று விழுந்துவிட்டது. முன்வீட்டுப் பெடியன் ஒவ்வொன்றாகத் துடைத்து, தவறி மேலே பதிவாகாமல் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். சி-60 என்றால் முழு ஒரு மணித்தியாலம் ஓடவேண்டும், அவசரப்படுத்த முடியாது. ஒன்பது முடிந்தது. 2005இலிருந்து எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து காக்கிற நூலகம் நிறுவனத்தாரோடும் கதைக்க யோசித்திருக்கிறேன்.

ஒரு சிக்கல். அந்தக் குரலில் கடன் இருக்கிறது, தங்கச்சியின் சீதனம் இருக்கிறது, புருசன் பெண்சாதிச் சண்டை இருக்கிறது. "காசுக் கதை ஒருத்தருக்கும் வேண்டாம்" என்கிறா அக்கா. காசுக்காகத்தானே நாங்கள் அங்கே போனோம், அதை வெட்டினால் மிச்சம் என்ன என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் உரிமை அவவுக்குத்தான். முழுப் பிரதி குடும்பத்தோடு இருக்கட்டும், வெளியே கொடுப்பது அவ கேட்டுச் சம்மதித்த பகுதி மட்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

இனி உன் பங்கு. அறையில் கூட்டாகச் சமைத்த மெஸ் கணக்கு எழுதிய அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பி உன்னிடம்தான் இருக்கவேண்டும். கசெட்டில் அண்ணை பெயர் சொல்கிற மூன்று பேரின் முகம் எனக்கு வரவே இல்லை. யார் எந்த மாதம் வந்தான், எப்போது போனான், எவ்வளவு பாக்கி வைத்தான், எல்லாம் நீ எழுதியிருப்பாய். ஒரு திர்ஹம் குறைந்தாலும் இரவு பத்து மணிக்கு ஆளை எழுப்பிக் கேட்டவன் அல்லவா நீ! எறிந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே. உன்னிடம் படங்கள் இருந்தால் பின்பக்கம் பெயர்களைப் பென்சிலால் எழுது, பேனை வேண்டாம், மை ஊறும்.

தபாலில் போடாதே. கையோடு கொண்டு வா. "83 செப்டம்பர்" என்று அக்காவின் கையெழுத்தில் ஒரு கசெட் இருக்கிறது. கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்து அண்ணைக்குப் பேசி அனுப்பியது. இன்னும் போடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால்தான் கேட்பேன் என்கிறா. அடுத்த மாதம் 20ஆம் திகதி அவவுக்குப் பிளேன்.

இரவு பஸ்ஸில் ஏறு, விடிய நான் வந்து நிற்பேன்.

உன்,
மேல்கட்டில்காரன்