திவி தீவுகளிலிருந்து ஒரு லீக்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மூத்தவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. இனி வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ராத்திரி முழுக்க விழித்திருந்து புலம்ப வேண்டியதில்லை.

‘கிரிக்கெட்டைத் தவிர அங்கே வேறு என்னதான் பார்ப்பார்கள்?’ என்று கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் இந்த டார்வின் நகரத்துக்காரர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். இங்கே ஃபுட்டிதான், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்துதான் எல்லாம். நீ மாவட்டத்துக்கு ஆடிய கால்பந்து என்று நினைத்துக்கொள்ளாதே. பந்து முட்டை வடிவம். கையில் எடுக்கலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 18 பேர். கோல் பக்கம் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1.

போன மார்ச்சில் திவி தீவுகள் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போய் வந்தேன். டார்வினுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். படகில் இரண்டரை மணி நேரம். மற்ற நாள்களில் அங்கே கால் வைக்க அனுமதிச்சீட்டு வேண்டும். அன்று ஒரு நாள் வேண்டாம். இரண்டு தீவுகளிலும் சேர்த்து மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. அதில் மூன்றில் ஒருவர் ஆட்டக்காரர் என்பார்கள். பாதர்ஸ்ட் தீவில் வுருமியங்கா என்ற ஊரின் மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தபோது எனக்கு அதுவே குறைத்துச் சொன்ன கணக்காகப் பட்டது.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது கத்தோலிக்க மிஷன். 1941இல் பிரதர் ஜான் பை என்பவர் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லீக் என்று ஒழுங்காக உருவானது 1969இல். இமாலு டைகர்ஸ், தப்பலிங்கா சூப்பர்ஸ்டார்ஸ், ரங்கு ஈகிள்ஸ், முலுவுரி மாக்பைஸ் என்று கிளப் பெயர்களே கேட்க அழகு. ஆனால் லீக் வருவதற்கு முன்பே, தீவுகளின் பூர்வகுடிகளான திவி ஆண்கள் கடலைத் தாண்டிவிட்டார்கள். டார்வினில் ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் ஆடுவதற்கென்று 1952இல் செயின்ட் மேரிஸ் கிளப் பிறந்தது. அங்கிருந்து டேவிட் காண்டில்லா என்பவர் அடிலெய்டுக்குப் போனார். சவுத் அடிலெய்டு அணிக்கு முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல். 1961, 62 இரண்டு ஆண்டும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர். 1963இல் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி அடுத்த ஆண்டே கோப்பையை வென்றபோது அதிலும் அவர் இருந்தார்.

இவர்களைப் பற்றி எழுதும்போது பத்திரிகைக்காரர்கள் ‘மாயாஜாலம்’, ‘பிறவித் திறமை’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாட்டின் தெற்கே குளிர்காலத்தில் ஃபுட்டி ஆடுகிறார்கள். இங்கே வெயில் காலத்தில் தரை பாறையாகிவிடும் என்பதால் மழைக்காலத்தில்தான் ஆட்டம். நான் போன அன்றும் கொட்டித் தீர்த்தது. பந்து சோப்புக்கட்டி போல வழுக்கியது. வெறுங்காலோடு ஓடிவந்த ஒரு பையன், அதைக் குனிந்து எடுக்கவே முயலவில்லை. ஓடிக்கொண்டே உள்ளங்கையால் ஒரு தட்டு. பந்து முன்னால் துள்ளியது. மறுபடி ஒரு தட்டு. எதிராளி இருவர் அது கிடந்த இடத்தில் விழுந்து மோதிக்கொண்டிருக்க, இவன் மூன்றாவது தட்டில் அதைத் தன் ஆளிடம் சேர்த்துவிட்டான். ஈரப் பந்தைப் பிடிக்க நினைத்தால் நழுவும் என்பது நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்குத் தெரியும். மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியப்பா, மாமா எல்லோரும் ஆடித் தேய்ந்த ஆட்டம் அது. நம் ஊர்ப் பையன் ஒருவன் நன்றாக நாகஸ்வரம் வாசித்தால், வீட்டில் யார் வாசித்தார்கள் என்று கேட்போமே தவிர, மாயம் என்போமா?

ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய லீக்கில், இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் கொடுப்பார்கள். 1982இல் அதை வாங்கியவர் திவிக்காரரான மாரிஸ் ரியோலி. அவருடைய ரிச்மண்ட் அணி அன்று தோற்றது. தோற்ற அணியிலிருந்து அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1993இல் மைக்கேல் லாங். அவருடைய பெற்றோர், பூர்வகுடிக் குழந்தைகள் என்பதால் சிறு வயதில் அரசாங்கத்தால் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, மெல்வில் தீவு மிஷனில் வளர்ந்தவர்கள். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. ஆட்டத்தைக் கொண்டுவந்தது மிஷன் என்று எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2015இல் சிரில் ரியோலி. மாரிஸ் இவருக்குத் தந்தை வழியில் உறவு. மைக்கேல் லாங் தாய்மாமன்! ஒரே சொந்தபந்தத்துக்குள் மூன்று பதக்கம்.

அந்த சிரில் 2018இல், 28 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டு வடக்கே வந்துவிட்டார். தந்தைக்கு உடல்நிலை சரியில்லை. அவர் ஆடிவந்த மெல்போர்னில் ரசிகர்கள் அங்கலாய்த்தார்கள். எனக்கு அது ஒன்றும் புதிராகத் தெரியவில்லை. பெரிய லீக்தான் மேலே, தீவு லீக் அதற்கு ஏணி என்பது தெற்கத்தியர்கள் போடும் கணக்கு. படகில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேசியபோது, தன் பேரன் எந்த ஊருக்குப் போய் ஆடப்போகிறான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஆண்டு கோப்பை எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும்தான் பேச்சு. திவி பாம்பர்ஸ் என்ற பெயரில் இரண்டு தீவுகளும் சேர்ந்த அணி ஒன்று 2007இலிருந்து டார்வின் லீக்கில் ஆடுகிறது. 2011-12 பருவத்தில் கோப்பையும் வென்றது. ஆனாலும் தீவுக் கிளப்புகளுக்குள் போட்டி ஓயவில்லை, ஓயவும் வேண்டாம்.

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை எப்போது என்று நீ எழுதவில்லை. தேதி தெரிந்தால் சொல், பணம் அனுப்புகிறேன்; மறுக்காதே. அடுத்த மார்ச்சில் நீயும் மைதிலியும் வருவதானால் ஜனவரிக்குள் முடிவு செய்யுங்கள். படகு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். குடை கொண்டுவராதே, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள்.

அன்புடன்,
ராகவன்