வீட்டு வேலைக்குக் கணக்குப் போட்ட தீர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 10, பெண் நீதிபதிகள் தினத்தையொட்டி வந்த கட்டுரையைப் படித்தேன். நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி அன்னா சாண்டி, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி, நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை என்று படங்களெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இவர்கள் வந்ததால் கோர்ட்டில் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. எங்கள் ஆபீஸில் பாதிக்கு மேல் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான். மனைவியைப் பறிகொடுத்த கணவர் கூண்டில் ஏறி நிற்பார், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் "இறந்தவருக்கு வருமானம் எதுவும் கிடையாது என்றால் சரிதானே?" என்று கேட்பார், இவரும் யோசிக்காமல் "சரிதாங்க, வீட்லதான் இருந்தா" என்பார். முடிந்தது கதை. விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்ததும், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டியதும், மாட்டைப் பார்த்துக்கொண்டதும் எந்த வாக்குமூலத்திலும் ஏறாது.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணைப்படி வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், அதுவே மனைவி என்றால் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது கூலிக்காரர் வீட்டுச் சோறு மலிவு, அதிகாரி வீட்டுச் சோறு விலை கூடுதல்! ரெண்டு வீட்டிலும் அடுப்பு ஒன்றுதானே?

2009-ல் தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்தான் இதை உடைத்து எழுதினார். சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்பை முறையாக மதிப்பிட வேண்டிய காலம் வந்துவிட்டது, விபத்து வழக்கில் மட்டுமல்ல, கணவன் மனைவி சொத்துப் பிரிக்கும்போதும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். மறு வருடமே உச்ச நீதிமன்றம் வேறொரு விபத்து வழக்கில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. அந்த வழக்கில் தீர்ப்பாயம் 6 லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு, இறந்தவர் சம்பாதிக்காதவர்தானே என்று இரண்டரை லட்சமாகக் குறைத்திருந்தது, உச்ச நீதிமன்றம் 6 லட்சத்தையே கொடுக்கச் சொன்னது. அப்புறம் 2023-ல், சவூதியில் வேலை பார்த்தவரின் சொத்து வழக்கில், குடும்பத்தைக் கட்டிக் காத்த மனைவிக்கும் பங்கு உண்டு என்று நம் உயர் நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் ஆண் நீதிபதி, கிருஷ்ணன் ராமசாமி. ஒரு பெண் நீதிபதி எழுதிவைத்த வழியில் ஆண் நீதிபதிகளும் பின்னால் வருகிறார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பெண் என்றாலே பெண்ணுக்குச் சாதகமாகத்தான் எழுதுவார் என்று நான் சொல்லவில்லை. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்ற 2018 தீர்ப்பில் தனியாக மாறுபட்டவர் அந்த அமர்வில் இருந்த ஒரே பெண், இந்து மல்ஹோத்ரா. 2021-ல் ஆடைக்கு மேல் தொட்டால் போக்சோ எனும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி பாலியல் தாக்குதலாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் எழுதியவரும் பெண் நீதிபதிதான், நல்லவேளை அதே வருடம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவரோ இருவரோ இருக்கும்வரை அவர் எழுதுவதெல்லாம் 'பெண்களின் கருத்து' ஆகிவிடுகிறது. நிறையப் பேர் இருந்தால் ஆண் நீதிபதிகளைப் போல அவர்களும் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டுப் போகலாம்.

அந்த எண்ணிக்கைதான் ஏறவே மாட்டேன் என்கிறது. 1989-ல் ஃபாத்திமா பீவியில் தொடங்கி 2025 வரை உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெண்கள் 11 பேர், அதில் மூன்று பேர் 2021-ல் ஒரே நாளில் பதவியேற்றவர்கள். 2025-ல் பேலா திரிவேதி ஓய்வு பெற்றபோது 34 இடங்களில் மிச்சமிருந்த ஒரே பெண் நாகரத்னா. முறைப்படி போனால் 2027-ல் அவர் தலைமை நீதிபதி ஆவார், அதுவும் 36 நாளைக்கு!

கீழ்க்கோர்ட்டுகளில் நிலைமை வேறு. அங்கே தேர்வு எழுதி வருகிறார்கள், பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் உரிமையியல் நீதிபதியாகச் சேர்ந்தவர் படிப்படியாக ஏறி உயர் நீதிமன்றத்தைத் தொடும்போது 62 வயது ஓய்வு பக்கத்தில் வந்து நிற்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போன நம் பானுமதி அம்மா 1988-லேயே நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வானவர். வக்கீல்களிலிருந்து எடுக்கலாமே என்றால், நான் பார்த்தவரை பெண் வக்கீல்களிடம் ஜீவனாம்சமும் விவாகரத்தும்தான் தேடி வருகின்றன, பெரிய சிவில் கட்டுகள் சீனியர் ஆண்களிடம் போய்விடுகின்றன. பிறகு எந்தத் தீர்ப்பில் இவர்கள் பெயர் அச்சாகும், நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தின் கண்ணில் எப்படிப் படும்?

கொலீஜியம் தீர்மானங்கள் இப்போது உச்ச நீதிமன்ற இணையதளத்திலேயே வருகின்றன. அடுத்த பட்டியல் வந்ததும் அதில் எத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேர் மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து வந்தவர்கள் என்று உங்கள் நிருபர் ஒரு பெட்டிச் செய்தி போடட்டும். கடிதம் நீளம் என்று வெட்டுவதானால், அந்த 2009 தீர்ப்பை மட்டும் விட்டுவைத்து மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
திருநெல்வேலி