நான் காய்ச்சலில் கிடந்தபோது என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புக்குரிய வட்டக்கச்சி அயலவர்களுக்கும், சுகாதாரப் பணியாளர்களுக்கும், முன்பள்ளி ஆசிரியைக்கும்,

கடந்த மார்கழி மழையோடு வந்த டெங்குக் காய்ச்சலால் நான் கிளிநொச்சி வைத்தியசாலையில் கிடந்தபோதும், வீடு திரும்பிய பின்னர் எழுந்து நடக்க வலுவின்றிப் படுத்திருந்தபோதும், என் நான்கு வயது மகளையும் எட்டு மாத மகனையும் பசியும் ஏக்கமும் அண்டாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். என் தாயார் இன்று உயிரோடு இல்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து கைபற்றி நன்றி சொல்வதே முறை என்றாலும், உதவியவர்களில் சிலரின் பெயரும் இருப்பிடமும் எனக்குத் தெரியாது என்பதால் இம்மடலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கே முதல் நன்றி. மகனின் நிறை பார்க்க வந்தவர், என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தராசை ஒருபுறம் வைத்துவிட்டு என்னை விசாரித்தார். காய்ச்சல் தணிந்திருந்தது, ஆனால் வயிற்று நோவும் சத்தியும் தொடங்கியிருந்தன. டெங்கில் காய்ச்சல் விடும் வேளையிலேயே குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கும் என்றும், அந்த ஓரிரு நாள்களே உயிருக்கு ஆபத்தானவை என்றும் எடுத்துச் சொல்லி, 1990 இலக்கத்துக்கு அவரே அழைப்பெடுத்தார். 2018 இல் வடக்குக்கும் வந்த அந்த இலவச நோயாளர் காவு வண்டி இல்லாவிட்டால், அந்த மழையில் முச்சக்கர வண்டி தேடியே பொழுது போயிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வண்டி வாசலில் நிற்க, என்னைத் தூக்கி ஏற்றும் அவசரத்துக்குள்ளும் அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "தம்பி எப்பிடிப் பிள்ளை நித்திரை கொள்ளுறவன்?" என் பழைய நூல் சேலையில் கட்டிய ஏணையில்தான் உறங்குவான் என்றேன். அந்த ஏணையை அப்படியே அவிழ்த்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு வளையில் கட்டிய பெரியம்மா, தாயின் மணம் போய்விடக் கூடாது என்பதற்காக, நான் திரும்பி வரும்வரை அதைத் தோய்க்க ஒருவரையும் விடவில்லையாம். மகள் பிட்டைச் சொதியோடு தொடமாட்டாள், வாழைப்பழத்தோடு குழைத்தால் மட்டுமே உண்பாள் என்பதையும் அவர் முதல் நாளிலேயே கண்டுபிடித்திருந்தார். நோயாளித் தாய்க்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை என்று நான் நம்புகிறேன். ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கையில், பிள்ளை இந்நேரம் அழுகிறானோ என்று நினைத்துத் தவிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

விடுதித் தாதியர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். டெங்குக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தபோதும், கைக்குழந்தையை விடுதிக்குள் வைத்திருக்க வழியில்லை. ஆபத்தான கட்டம் கடந்ததும், பால் கட்டி மார்பு நோகாமலும் பால் வற்றாமலும் இருக்க, கையால் கறந்தெடுக்கும் முறையைத் தாதி ஒருவர் பொறுமையோடு காட்டித் தந்தார். பெரியம்மாவின் மூத்த மகன் அதை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவார். போத்தலில் கொடுக்காமல் சிறு குவளையால் பருக்கும்படி குடும்பநல உத்தியோகத்தர் பழக்கிவிட்டிருந்தார். வீடு வந்த அன்று என் மகன் தயங்காமல் மார்பைத் தேடி வந்தது அவர்கள் மூவரின் கைங்கரியம்.

முன்பள்ளி ஆசிரியை அவர்களே, என் மகளிடம் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அம்மா கடைக்குப் போய்விட்டாள், நாளைக்கு வருவாள் என்று பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வதுண்டு. நம்பிய பிள்ளையோ விடியும்வரை படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தினம், சுகமானவுடன வருவா" என்று நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒரே சொற்களில் சொன்னதையே அவள் தன் பொம்மைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அறிந்தேன்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் அந்த மழைக்குள் எங்கள் வளவில் சிரமதானம் செய்து, நீர் தேங்கிய சிரட்டைகளையும் பழைய டயரையும் அகற்றி, கிணற்றடித் தொட்டியையும் தேய்த்துக் கழுவினார்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரமளவே போதும். நோயாளி இருந்த வீட்டில் அடுத்ததாகப் பிள்ளைகளும் படுத்துவிடக்கூடும். அந்த நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், மகனின் பகல் உறக்கத்துக்கும் வலை போட்டவர்கள் அவர்களே. இருவருக்கும் காய்ச்சல் காணவில்லை.

வீடு திரும்பிய பின் வந்த சோர்வு நான் எதிர்பாராதது. பிள்ளையைத் தூக்கினால் கை நடுங்கும். அந்த நாள்களில் முறை வைத்துக் கஞ்சியும் சோறும் கொண்டுவந்தவர்கள், வெந்நீர் வைத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர்கள், துணி தோய்த்தவர்கள் எல்லோரையும் எண்ணிக்கொள்கிறேன். இவ்வளவையும் எப்படித் திருப்பிச் செய்வேன் என்று நான் கலங்கியபோது, எங்கள் ஒழுங்கையின் முதிய ஆச்சி, "2009 இல மெனிக் பாம் அகதி முகாமில என்ர பேரப்பிள்ளைக்கு ஆரெண்டே தெரியாத ஒருத்தி பால்மா தந்தவள் மோனை, நான் எங்க போய் அவளுக்குத் திருப்பிக் குடுக்கிறது?" என்றார். அதன்பின் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த, மாங்குளப் பக்கத்து அக்கா, தன் கையிலும் ஊசி ஏறியிருந்தும், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவென ஒவ்வொரு மாலையும் கைப்பேசியை எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னரே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயரைக் கேட்டு வைக்கவும் இயலவில்லை. அக்கா, இம்மடல் உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் பூரண சுகம் பெற்றுவிட்டீர்களா என்பதை எங்கள் முன்பள்ளிக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். என் மகளும் உங்களை விசாரிக்கிறாள்.

நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் தாய்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.